துடக்கோடு தூக்கிய சாமி

உர்பானைத் தூக்க ஆள் போதவில்லை என்றுதான் என்னைக் கேட்டார்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் பெருமைப்பட்டேன்.

உர்பான் ஜெர்மனியில் இந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களின் புனிதர். கையில் ஒரு திராட்சைக் குலையோடு வருடம் முழுவதும் தேவாலயத்தின் மூலையில் சிலையாக நிற்பார். மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் அவரைத் தோளில் சுமந்து, பாண்ட் வாத்தியத்தோடு மலைச்சரிவில் இருக்கும் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார்கள். பாதிரியார் கொடிகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார். பிறகு எல்லாரும் இறங்கி வந்து வாங்குப் பலகைகளில் உட்கார்ந்து வைன் குடிப்பார்கள். நான் அந்தச் சரிவில் வேலைக்கு வந்து அப்போது பதினாலு வருடம். பதினாலு வருடமும் ஊர்வலத்தின் கடைசி வரிசையில், மனைவியோடு, கையைக் கட்டிக்கொண்டு நடந்தவன்.

அந்த வருடம் தூக்குபவர்களில் ஒருவர் ஏணியால் விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஊர் இளைஞர்கள் எல்லாம் பிராங்பேர்ட் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்போது என் முதலாளி என்னைக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். தகப்பனுக்குப் பிறகு தோட்டத்தைத் தனியாளாக நடத்துகிறாள். தேவாலயக் குழுவில் ஒருவர், அவன் எங்கள் சமயம் இல்லையே என்று இழுத்தாராம். "அங்க நிக்கிற ஒவ்வொரு கொடியையும் கட்டினது அவன்தான். உர்பானுக்கு உங்களைவிட அவனைத்தான் நல்லாத் தெரியும்" என்றாளாம். அவள் சொன்னது ஜெர்மன் மொழியில்தான். என் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறேன். அதைக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணா, அம்மா போயிட்டா."

அம்மா தை மாதத்திலிருந்தே படுக்கை. பங்குனியில் நான் போய் இரண்டு கிழமை பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன். எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று தெரியும். தெரிந்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை.

"நாளைக்கு மூண்டு மணிக்கு எடுக்கினம். நீங்கள் வந்து சேர ஏலாது என்ன?" என்றாள்.

எந்த விமானத்தைப் பிடித்தாலும் ஏலாதுதான். தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். அது தம்பி, அவன் ஊரில் இருக்கிறான். மூத்தவனான எனக்கு மிஞ்சியது தோள் கொடுப்பது மட்டும். அதற்கும் நான் அங்கே இல்லை.

எங்களுக்குச் சாவு வீடு என்றால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, சாமிப் படத்தைத் தொடக்கூடாது. கடல் தாண்டி இருந்தாலும் துடக்கு துடக்குத்தான். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"நாளைக்கு ஏலாது எண்டு சொல்லிப்போடுங்கோ."

"வேற ஆள் இல்லையப்பா."

"துடக்கோட சாமி தூக்கிறதே?"

"அது எங்கட சாமி இல்லைத்தானே."

இதைச் சொன்ன வாய் என்னுடையதுதான். தேவாலயத்தைக் கடக்கும் போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறவனும் நான்தான். மனைவிக்கு அது நன்றாகத் தெரியும். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அம்மா இறந்துவிட்டா என்று சொன்னால் முதலாளி உடனே வீட்டில் இரு என்றிருப்பாள். ஆனால் அந்தக் குழுக்காரர், நான் அப்பவே சொன்னேனே என்பார். அடுத்த வருடம் என்னைக் கேட்க மாட்டார்கள். அடுத்த வருடமும் என்னைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெற்றவள் செத்துக் கிடக்க நான் நினைத்தது இதைத்தான்.

காலையில் தலைக்குக் குளித்து வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். நல்ல வெயில். சிலை நின்ற பல்லக்கின் பின்பக்கத்து வலது தண்டு என்னுடையது. சரிவு ஏறும்போது பாரம் முழுவதும் பின்னால் நிற்பவன் தோளுக்குத்தான் வரும். உச்சியில் நிறுத்திப் பாதிரியார் தீர்த்தம் தெளிக்கத் தொடங்கியபோது தேவாலயக் கோபுரத்து மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்றரை. அங்கே மூன்று மணி. அம்மாவை வீட்டு ஒழுங்கை வழியாகத் தம்பியும் மச்சான்மாரும் தூக்கிக்கொண்டு போகிற நேரம். நான் உர்பானைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. பக்கத்தில் வந்த முதலாளி அதைப் பார்த்துவிட்டு என் முதுகில் மெல்லத் தட்டினாள். பக்தி என்று நினைத்திருக்க வேண்டும். நானும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் ஆலங்கட்டி விழுந்தது.

பத்து நிமிடம்தான் இருக்கும். கொட்டகைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேசியது கேட்கவில்லை. ஓய்ந்த பிறகு ஏறிப் பார்த்தோம். பூக்க இருந்த இளங்கொடிகள் முறிந்து சேற்றில் கிடந்தன. கட்டையும் கம்பியும் மிச்சம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு இலைகூடக் கிழியவில்லை. இன்னும் ஒரு வருடம் விளைச்சல் பொய்த்தால் தோட்டத்தை விற்றுவிடுவேன் என்று முதலாளி மாரிகாலத்தில் சொல்லியிருந்தாள். இப்போது கல் மதிலில் குந்தியிருந்து, என்னைப் பார்த்து, "முடிஞ்சுது" என்றாள்.

எனக்கு உடனே துடக்குத்தான் நினைவுக்கு வந்தது. வீட்டில் மனைவி, உங்களால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஆலங்கட்டி ஐரோப்பா முழுவதும் விழுகிறது, அதற்கும் என் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே நூறு தரம் சொன்னேன். நூறு தரம் சொல்ல வேண்டியிருந்ததே, அதிலேயே தெரிகிறது.

சனிக்கிழமை முறிந்த கொடிகளை வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கசப்போடு பகிடி விட்டார்கள். அந்தக் காலத்தில் வானம் ஏமாற்றினால் உர்பானைத் தூக்கித் தண்ணீரில் போடுவார்களாம். இந்த முறையும் போட வேண்டியதுதான் என்றார்கள். குற்றவாளி நான் இங்கே நிற்க, அந்த மனுசனுக்கா தண்டனை? அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நேரே முதலாளியிடம் போனேன்.

சிரிப்பாள் என்று நம்பித்தான் போனேன். தொலைபேசியில் நாலு விதமான வானிலைப் படம் பார்க்கிறவள். கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்கும் உர்பானுக்கும் தவிர தேவாலயப் பக்கம் போகாதவள். உனக்கென்ன விசரா என்று ஒருமுறை சிரித்தாளென்றால் நான் தப்பினேன். அம்மா செத்ததையும், துடக்கையும், தெரிந்துகொண்டே தூக்கியதையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.

"எத்தினை நாள் தொடக்கூடாது?"

"முப்பத்தொண்டு."

"நீ தூக்கின அண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"ரெண்டாம் நாள்."

கொடி வெட்டும் கத்தரிக்கோலை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டாள். சரிவைப் பார்த்தாள். பிறகு, "இதை வேற ஒருத்தருக்கும் சொல்லாதே" என்றாள். கொஞ்சத் தூரம் போனவள், வைத்துவிட்டு வந்த சாமானை எடுக்க வருகிறவள்போலத் திரும்பி வந்து என் கையைப் பிடித்து, அம்மாவுக்காக அனுதாபம் சொன்னாள். முறையாகத்தான் சொன்னாள். ஆனால் அது இரண்டாவதாக வந்தது.

அவள் விற்கவில்லை. வங்கியோடு பேசி இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்றாள். என்னையும் நிறுத்தவில்லை. முன்போலவே ஒரே மேசையில் சாப்பிட்டோம். அடுத்த மே மாதம், "கீழ வாங்கு அடுக்க நம்பிக்கையான ஆள் வேணும், நீ நில்" என்றாள். நாலாவது ஆளை அயல் ஊரிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். நான் வாங்கு அடுக்கினேன். மேலே பாண்ட் வாத்தியம் கேட்டது. மனைவி எனக்கு உதவி செய்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை.

அந்த வருடம் வானத்தைப் பார்த்தபடிதான் இருந்தேன். மலைக்குப் பின்னால் கருமேகம் ஏறினால் எல்லாரும் பயந்தார்கள். நான் கொட்டகை வாசலில் நின்று, விழு, விழு என்று நினைத்தேன். நான் தொடாத வருடத்திலும் ஒருமுறை விழுந்துவிட்டால் அம்மாவின் சாவு வெறும் சாவாகிவிடும். யாருடைய வயிற்றிலும் அடித்த சாவாக இருக்காது. என் கையால் கட்டிய கொடிகள், இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்டவளின் கொடிகள், அவை அழிய வேண்டும் என்று மாதக்கணக்காக வேண்டிக்கொண்டேன்.

ஆலங்கட்டி விழவில்லை. புரட்டாதியில் குலைகள் கம்பி தாழக் கனத்தன. இப்படி ஒரு விளைச்சலைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று முதலாளி எல்லாரையும் கட்டிப்பிடித்தாள். என்னையும் கட்டிப்பிடித்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.