நிற்கிற ஜீப்புக்கு ஆயில்

ஓசூர் பாகலூர் ரோட்டில் இறங்கி, ஆயில் கடை மாடசாமி எங்கே என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தமிழில் கேட்டாலும் சரி, கன்னடத்தில் கேட்டாலும் சரி, தெலுங்கில் கேட்டாலும் சரி, கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். கோவில்பட்டிப் பக்கமிருந்து லாரி கிளீனராக வந்து இறங்கியவன் நான். படிப்பு நாலாங்கிளாஸ், அதுவும் முழுசாக இல்லை. என் கதையை எழுத உட்கார்ந்தால் ஒரு புத்தகம் போதாது. ஆனால் இது என் கதை இல்லை. மத்திகிரி அக்பர் பாஷாவின் கதை. அவர் எழுத மாட்டார். வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

அக்பர் பாஷா கம்பெனி பஸ் டிரைவர். ஷிப்ட் ஆட்களை மத்திகிரியில் ஏற்றிக் கம்பெனி வாசலில் இறக்குவார். வேலை முடிந்து வருகிறவர்களை ஏற்றித் திரும்புவார். வயசு முழுக்க அந்த ஒரே ரோடு. ஒரு நாள் என் கடையில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, ரோடே இல்லாத எடத்துல ஒரு தடவ வண்டி ஓட்டிப் பாக்கணும். ஸ்பீடு பிரேக்கர் இல்ல, சிக்னல் இல்ல, 'டிரைவரண்ணே லேட்டாச்சு, கேட்டுல கார்டு பஞ்ச் போயிரும்'னு பின்னாடி இருந்து கத்த ஆளும் இல்ல."

அவருக்கு ஒரே மகன், தானிஷ். அவன் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கும் இதே கிறுக்கு பிடித்தது. அப்பனும் மகனும் போய், நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றைப் பிடித்து வந்தார்கள். ஆர்.சி. புக் மகன் பெயரில். வீட்டுப் பக்கத்தில் தகரம் போட்டு, லீவு நாளெல்லாம் அதன் அடியிலேயே கிடந்தார்கள்.

அவர் மனைவி பேகம் கடைக்கே வந்து என்னிடம் முறையிட்டது. "அண்ணே, நீங்க குடுக்கறது என்ன ஆயிலு? அழுகின முட்ட நாத்தம். எத்தன சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குது. அப்பனும் மவனும் பக்கத்துல வந்து உக்காந்தா எனக்குச் சோறு எறங்கல."

"நாறினாத்தாம்மா அது நல்ல கியர் ஆயிலு," என்றேன்.

பொய் சொல்லவில்லை. வண்டியின் பின் அச்சு நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை தொங்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள்தான் டிஃப்ரன்ஷியல். இன்ஜின் சுற்றுகிற சுற்றை இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற பல்சக்கரங்கள் உள்ளே ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டு கிடக்கும். அதைத் தாங்குவதற்காக ஆயிலில் கந்தகம் சேர்ந்த மருந்து கலப்பார்கள். அந்த நாற்றம்தான். இந்த ஜீப்பில் முன்னால் ஒரு உருண்டை, பின்னால் ஒரு உருண்டை.

எந்த ஆயில் ஊற்றுவது என்று அப்பனுக்கும் மகனுக்கும் என் கல்லா முன்னாலேயே சண்டை.

"அத்தா, ஃபுல் சிந்தெடிக்தான் போடணும். நெட்ல எல்லாரும் அதான் சொல்றாங்க."

"நெட்ல சொல்றவனா வந்து வண்டியத் தள்ளுவான்? என் பஸ்ஸுக்கு நூத்தி நாப்பதாம் நம்பர் ஆயில்தான். கெட்டியா நிக்கும்."

"அது பஸ்ஸு அத்தா. அதுல அறுவது பேர் போறாங்க."

"உன் ஜீப்புல உங்கம்மா ஒருத்தி ஏறினா போதும்டா, சரியாயிடும்."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றேன். "வண்டிய எங்க ஓட்டப் போறீங்க? அதச் சொல்லாம ஆயில் கேக்கறவன், நோவச் சொல்லாம மருந்து கேக்கறவன்."

"ஏரிக்குள்ள. சேறு, தண்ணி," என்றான் தானிஷ்.

"தண்ணி உள்ள போச்சுன்னா தங்கத்த உருக்கி ஊத்தியிருந்தாலும் வடிச்சுக் கொட்டத்தான் வேணும். சாதா தொண்ணூறாம் நம்பரே போதும்லே. அடிக்கடி மாத்து."

இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். ஆயில் விஷயத்தில் என் தீர்ப்புக்கு மேல் ஓசூரில் அப்பீல் கிடையாது.

சூளகிரிப் பக்கம் ஒரு ஏரியில் இறக்கி, மாட்டி, டிராக்டர் கட்டி இழுத்து, தலைமுதல் கால்வரை சேறாக நேரே என் கடைக்கு வந்தார்கள். உருண்டையின் கீழ் மூடியைக் கழற்றினால் ஆயில் வரவில்லை. தண்ணீர் கலந்து வெளுத்துப் போய், டீ மாதிரி ஊற்றியது. தானிஷ் பக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "அத்தா, டீ ரெடி. சக்கர எவ்வளவு?" என்றான். அக்பர் பாஷா சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அடுத்தது அஞ்செட்டி மல அத்தா," என்றான் பையன். "முழுக்கக் கல்லுப் பாதை. நீங்கதான் ஓட்டறீங்க. நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்."

அதற்குள் அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. பிறகு தஸ்லிமோடு கல்யாணம், குழந்தை. கெட்ட பையன் இல்லை. தவறாமல் போன் பண்ணுவான், மாத்திரை போட்டீங்களா என்று கேட்பான். மலைக்கு எப்போது என்றால், "அடுத்த ஞாயித்துக்கிழம அத்தா." அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர். தினமும் பஸ் பஸ்ஸாக ஜனம் போய்த் திரும்புகிறது. துபாய்க்குப் போனவன்கூட லீவுக்கு ஊர் வந்து சேர்கிறான். அத்திப்பள்ளிக்கு அந்தாண்டை போனவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவே இல்லை.

ஜீப் தகரத்தடியில் நின்றது. அக்பர் பாஷா ரிட்டயர் ஆனார். ஆனாலும் மழைக்காலம் முடிந்ததும் வருஷம் தவறாமல் கடைக்கு வந்து நிற்பார். "அண்ணாச்சி, அதே தொண்ணூறு. ரெண்டு கிரவுனுக்கும்." டிஃப்ரன்ஷியலை டிரைவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஓடாத வண்டிக்கு என்னத்துக்கு பாய் ஆயில் மாத்தறீங்க?"

"நின்னா ஆயில் கீழ எறங்கிடுது அண்ணாச்சி. மேல இருக்கற பல்லு காஞ்சு துருப் புடிக்கும். புள்ள திடீர்னு வந்து கியரப் போட்டான்னா கிர்ருன்னு கத்தக் கூடாது பாருங்க."

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டுப் பக்கம் போனேன். ஜும்மா தொழுகை முடிந்து வந்த வேட்டியோடு, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்திருந்தார். ஜாக்கி கொடுத்து ஒரு சக்கரத்தைத் தூக்கி, அதைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பல்சக்கரம் சுற்றி ஆயிலை மேலே வாரிக்கொள்ளும். ஒரு சக்கரம் முடிந்ததும் அடுத்தது. பேகம் வாசலில் நின்று, "வாராவாரம் இதான் அண்ணே. தொட்டில் ஆட்டற மாதிரி," என்றது. கேலியாகத்தான் சொன்னது. முகத்தில் கேலி இல்லை.

இந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே வந்தார். டீயைக் கையில் வாங்கிக் குடிக்காமலே வைத்திருந்தார்.

"வண்டிய விக்கறான் அண்ணாச்சி. சும்மா நின்னு வீணாப் போகுதாம். ஆள் பாத்துட்டான்."

எனக்கு வந்தது கோபம். அவர் எதிரிலேயே போனைப் போட்டேன். "ஏலே தானிஷ், விக்கறதுன்னா வித்துக்கோ. அதுக்கு முன்னாடி உங்க அத்தாவ ஒரு தடவ மலைக்குக் கூட்டிட்டுப் போ. இல்லன்னா அந்த வண்டி மத்திகிரியத் தாண்டாது, மாடசாமி சொல்றேன்."

"கண்டிப்பா அங்கிள்," என்றான். "ஞாயித்துக்கிழம நானே வர்றேன். காலைல அத்தாவோட போயிட்டு வந்து, அப்புறம் வண்டியக் குடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டு, பார்த்தீர்களா என்று மீசையைத் தடவினேன். அக்பர் பாஷா டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அப்ப ஆயில் வேற போடணும் அண்ணாச்சி. இது ஏரி இல்ல, மல. வெயிலு, ஏத்தம், பல்லும் தேஞ்ச பல்லு. நூத்தி நாப்பதே குடுங்க."

அன்றைக்கு மகனோடு எதற்காக மல்லுக்கட்டினாரோ, அதே ஆயில். நானும் சரி என்றேன். சரியான ஆயில்தான் அது.

சனிக்கிழமை நானே போய்ப் பக்கத்தில் நின்றேன். மேல் மூடி திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு கீழ் மூடியைக் கழற்றினார். பழைய ஆயில் இறங்கியது. எத்தனை ஆயிரம் வண்டிக்கு வடித்ததைப் பார்த்தவன் நான். கறுப்பாக வரும், இரும்புத்தூள் மினுங்கும், சேறாக வரும். இது தேன் மாதிரி இறங்கியது. ஊற்றினபோது எப்படி இருந்ததோ அப்படியே. ஒரு அடிகூட ஓடாத ஆயில்.

"சுத்தமா இருக்குல்ல அண்ணாச்சி," என்றார், பக்கெட்டைப் பார்த்தபடி.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே நானும் அங்கே போயிருந்தேன். அக்பர் பாஷா மேல் புதுச் சட்டை, செண்டு. பேகம் தக்காளி சோறு கிண்டி டிபன் கேரியரில் அடைத்து வைத்திருந்தது. காலையில் வருகிறேன் என்றவன் வெயில் ஏறின பிறகு வந்தான். கூடவே வாங்குகிற ஆள், மோகன்குமார் என்று பெயர். தானிஷ் காதில் போனோடு இறங்கி, அப்பாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு, போனை மூடாமலே, "அத்தா, சாரி. பாப்பாவுக்குச் சாயங்காலம் பர்த்டே பார்ட்டி. இவரும் ட்ராஃபிக்குக்கு முன்னாடி அத்திப்பள்ளி தாண்டணும்கறார். மலைக்கு இன்னொரு நாள் போலாம்," என்றான்.

"எந்த வண்டியிலடா போவே?" என்று நான் வாயைத் திறந்தேன். அக்பர் பாஷா என் கையை அழுத்திப் பிடித்தார். வாயை மூடிக்கொண்டேன். என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத ஊர் இது.

அவர் மோகன்குமாரிடம் திரும்பினார். "மலைக்கெல்லாம் போவீங்களா தம்பி? மல ஏறற ஆயில்தான் ஊத்தியிருக்கேன்."

"மலைக்கா?" என்று சிரித்தான் அவன். "இல்ல பாய். புதுசா ரெஸ்டாரண்ட் போடறேன். வாசல்ல நிறுத்தறதுக்கு. வர்றவங்க ஏறி நின்னு போட்டோ எடுப்பாங்க."

அக்பர் பாஷா ஜீப்பின் பின் சக்கரத்தில் கையை வைத்தார். பிறகு சொன்னார்: "அப்படின்னா வாரம் ஒரு தடவ சக்கரத்தத் தூக்கிக் கையால சுத்தி விடுங்க தம்பி. ஆயில் கீழ எறங்கிடும்."

"பாத்துக்கறேன் பாய்," என்றான் அவன், கண்ணாடியில் தலையைச் சரிபண்ணிக்கொண்டே.

சந்து குறுகல். மோகன்குமார் முன்னால் நடந்து வழி பார்க்க, தானிஷே ஏறி ஜீப்பை எடுத்தான், மெயின் ரோடு வரைக்கும். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அக்பர் பாஷா நின்ற இடத்திலேயே நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கேட்டீங்களா அண்ணாச்சி? கிரவுன்ல ஒரு சத்தம் இல்ல."

பேகம் டிபன் கேரியரைப் பிடித்தபடி வாசலில் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. "வாங்க பாய், என் கார் நிக்குது. நான் கூட்டிட்டுப் போறேன் அஞ்செட்டிக்கு. சாதாக் காரா அது?"

"உங்க கார் அந்தக் கல்லுல ஏறாது அண்ணாச்சி," என்றார், என்னைச் சமாதானம் செய்கிற குரலில்.

தகரத்தடியில் போய் ஜாக்கியை எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, என் கையில் கொடுத்தார். "கடையில வெச்சுக்குங்க. யாருக்காவது ஒதவும்."

என் கல்லாவுக்கு அடியில் கிடக்கிறது அது. ரெண்டு பேர் இரவல் கேட்டு வந்தார்கள். கொடுக்கவில்லை.