தண்ணீர்க்கோழிப் பலகை

பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு வேலையில்லாமல் திருத்தணியில் திரிந்த வருஷம், ஊர்ப் பூங்காவின் தாழ்ந்த மூலையில் கிடந்த சேற்றுக் குட்டையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டி, ஓட்டல் எச்சில் இலை மிதந்த இடம் அது. அதற்குள் ஒரு ஜோடி தண்ணீர்க்கோழி வாழ்ந்தது. கறுத்த உடம்பு, நெற்றியில் அரக்கு வைத்ததுபோல் சிவப்பு. பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன்: பள்ளிக்கூடப் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்து, ஒரு குட்டைக்குள் எத்தனை உயிர் பிழைக்கிறது என்று காட்டியே தீர்வது.

கல்லூரியில் என்னோடு படித்த அம்மையார்குப்பத்து நண்பன், தறிக்கு ஓய்வு கிடைத்த நாளெல்லாம் சைக்கிளில் வந்தான். இருவரும் இடுப்பளவு சேற்றில் நின்று ஆகாயத்தாமரையை வாரிக் கரையேற்றினோம். என் அப்பா ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

"காலேஜுக்கு அனுப்பிச்சது சேத்துல எறங்கறதுக்காடா?"

"இல்ல நைனா, இது வந்து..."

"ஒண்ணும் சொல்லாத. சட்டையாவது கழட்டிட்டு எறங்கு. உங்கம்மாதான தொவைக்கிறா."

பெண்கள் பள்ளி அறிவியல் டீச்சர் வந்து பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் கரைதான் வழுக்கியது. "பொண்ணுங்க வுழுந்தா யாருப்பா பதில் சொல்றது? படி போட்டுடுங்க தம்பி, கூட்டிகினு வரேன்" என்றார். ஆடிக் கிருத்திகை கழிந்த திங்கட்கிழமை என்று நாளும் குறித்தார்.

உடைந்த கருங்கற்களைப் பொறுக்கி வந்து தண்ணீர் வரை படி இறக்கினோம். படியோரம் ஒரு தகரப் பலகை நட்டு, அதில் தண்ணீர்க்கோழியை நானே பெரிதாக வரைந்தேன். அது எதைத் தின்னும், எங்கே கூடு கட்டும் என்று கீழே பொடி எழுத்தில் எழுதினேன். அந்த வாரமே கோரைக்குள் கூடு தெரிந்தது, உள்ளே முட்டைகள். பிள்ளைகள் வருவதற்குள் குஞ்சு பொரித்துவிடும் என்று குதித்தேன்.

கிருத்திகையன்று காலையில் பூங்காவுக்குப் போனால், வாசலில் செருப்புக் குவியல். மலையடிக் குளத்தில் இடம் கிடைக்காத காவடிக் கூட்டம் இங்கே வழிந்திருந்தது. படியெங்கும் மஞ்சள் துணி. அரோகரா சொல்லிச் சொல்லி முங்கினார்கள்.

"இது கொளம் இல்லீங்க! குளிக்கக் கூடாதுங்க!"

ஈரப் புடவையோடு கரையேறிய ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம் தம்பி பொய் சொல்றே? படி கீது. முருகர் சேவலு போட்டு போர்டு கீது. கொளம் இல்லன்னா இன்னாது?"

திரும்பிப் பார்த்தேன். என் பறவையின் நெற்றிச் சிவப்பின் மேல் குங்குமம். கழுத்தில் கதம்பம். பொடி எழுத்தின் மேல் சந்தனம் வழிந்துகொண்டிருந்தது.

"அது சேவல் இல்லம்மா, தண்ணிக்கோழி."

"சாமியோடத போயி கோழின்றியே, கன்னத்துல போட்டுக்கோ!"

நண்பன் கோரைப் பக்கம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"கூடு?"

"கோரையே இல்லடா. மெதிச்சி வழி பண்ணிட்டாங்க. எங்க போயி தேடறது?"

சாக்கடையாய்க் கிடந்தவரை அந்தக் கோழிகள் பிழைத்திருந்தன. நாங்கள் துடைத்து வைத்து, படியும் போட்டுக் கொடுத்தோம்.

திங்கட்கிழமை, சோப்பு நுரையும் அழுகின சாமந்தியும் அவிழ்த்தெறிந்த துணியும் வாரி முடியவில்லை, அதற்குள் டீச்சர் பெண்களை வரிசையாக நடத்திக்கொண்டு வந்துவிட்டார். சொன்ன சொல் தவறாதவர். யாரும் சொல்லாமலே பெண்கள் மேல்படியில் செருப்பைக் கழற்றினார்கள்.

"தண்ணில இன்னா தெரியுது, பாருங்க" என்றேன்.

முன்னால் நின்றவள் குனிந்து, ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்களும் வரிசை கலையாமல் அப்படியே செய்தார்கள். டீச்சர் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சொல்லுங்க தம்பி, கேக்கறாங்க."

கோரை இருந்த பக்கம் கையை நீட்டினேன். எல்லோரும் அங்கே பார்த்தார்கள். வெறும் சேறு. நீட்டிய கையை மடக்கவும் தோன்றாமல் நின்றேன்.