இளவரசனை அறைந்தவள்

எங்கள் ஊர் ஹவிஸ், இளவரசனுக்குப் பால் கொடுக்கப் போனபோது அவளுடைய சொந்தக் குழந்தை எம்மோட்டுக்குத் தலைகூட நிற்கவில்லை. புருஷன் வைமண்ட் கம்பளித் துணியை ஆற்றோரத் தொட்டியில் மிதித்துப் பதப்படுத்துகிறவன். அரண்மனை ஆள் வந்து கேட்டபோது முடியாது என்று சொல்கிற இடத்தில் அவன் இல்லை. எம்மோட்டை நாத்தனார் சிசிலியிடம் விட்டுவிட்டு, ஹவிஸ் கோட்டைக்குப் போனாள்.

பால் மறந்த பிறகும் இளவரசன் அவளை விடவில்லை. அவள் பக்கத்தில் படுத்தால்தான் தூக்கம். அவனைக் குருவி என்று கூப்பிடுவாள். ராஜாவும் ராணியும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைப் பார்க்க வருவதே அபூர்வம். ராணி வரும்போதெல்லாம் அவன் ஹவிஸின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

"வாடா கண்ணா, அம்மா வந்திருக்கேன்" என்பாள் ராணி.

"இந்தம்மா எப்போ போவாங்க?" என்று அவன் ஹவிஸிடம் கேட்பான், எல்லோர் காதிலும் விழும்படி.

அவனுக்கு நாலு வயது முடிந்த வருஷம், ராஜாவின் தம்பி பாதிப் பிரபுக்களைச் சேர்த்துக்கொண்டு அண்ணன்மேல் படையெடுத்தான். பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்புவதற்காக ராணி சில காவலர்களோடு மட்டும் கோட்டைக்கு வந்தாள். மறுநாள் காலையில் வாசல் காவலர்களே எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஹவிஸ் அப்போது சலவைக் கொட்டகையில் இருந்தாள். குருவிக்கு அந்த இடம் பிடிக்கும். வெறும் சட்டையோடு, உடம்பெல்லாம் சாம்பல் தண்ணீரோடு, சலவைக்காரிகளின் பிள்ளைகளுடன் கத்திக்கொண்டிருந்தான். முற்றத்தில் அலறல் கேட்டது. பின்படி வழியாக ராணி ஓடி வந்தாள். தலையில் யாரோ வேலைக்காரியின் முக்காடு.

"படகு பின் மதகுல நிக்குது. புள்ளையக் குடு, சீக்கிரம்!"

அதற்குள் கதவு உதைபட்டது. நாலைந்து வீரர்கள். முன்னால் நின்றவன் பெயர் ஃபுல்க். கன்னத்தில் அப்போதுதான் பட்ட வெட்டு. ராணி சலவைக்காரி மாதிரி குனிந்து, துணி வேகும் கொப்பரைக்குள் கையை விட்டு எதையோ பிழிந்தாள். கொதிக்கிற தண்ணீர். முகம் மாறவில்லை.

"இதுல ராஜா வீட்டுப் புள்ள எது?"

ஃபுல்க் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து குருவியின் முகவாயைத் தூக்கினான்.

"இது நல்லா கொழுகொழுன்னு இருக்கே. டேய், உங்கம்மா யாருடா?"

குருவி ராணியைப் பார்த்தான். அந்த முகம் அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் திமிறிக்கொண்டு ஓடிவந்து, ஹவிஸின் ஈரத் துணியில் முகம் புதைத்தான்.

"அம்மா, இவன் வலிக்கப் பிடிக்கிறாம்மா."

"கையப் பாருங்கடா, பட்டு மாதிரி இருக்கு" என்றான் ஃபுல்க்.

"நாலு வயசுப் புள்ளைக்கு ஏர் புடிச்ச கையா இருக்கும்?" என்றாள் ஹவிஸ். ஃபுல்க் இன்னும் நகரவில்லை. அவள் பிள்ளையைப் பிய்த்து எடுத்து, பளாரென்று கன்னத்தில் அறைந்தாள். "வீட்ல கிடன்னா கேக்குறியா? சனியனே! உன்னால நாங்க வாங்கிக் கட்டிக்கணுமா?"

அவள் அதுவரை அவனை அடித்ததே இல்லை. குருவி முதலில் திகைத்து, பிறகு வீரிட்டான். வீரர்களில் ஒருவன் சிரித்தான். "ராஜா புள்ளைய இப்படிச் சாத்துனா கை இருக்குமா அவளுக்கு? வாய்யா, மேல போய்ப் பாப்போம்."

அவர்கள் படியேறியதும் ஹவிஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ராணியும் அவளும் படகின் அடித்தட்டில் ஈரத் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்தார்கள். கோட்டை மதிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். படகுக்காரன் நிதானமாக, "துணி அலசப் போறோம் சாமி" என்று கத்திவிட்டுத் துடுப்புப் போட்டான். குருவி விசும்பியபடி ஹவிஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான்; ராணி கை நீட்டியபோது உதைத்தான்.

துறைமுகத்தில் கப்பல் தயாராக இருந்தது. ராணியின் வெந்த கையில் துணி சுற்றியிருந்தது.

"நீ ஊருக்குப் போ, ஹவிஸ்."

"அடிச்சதுக்கு என்னை மன்னிச்சிடுங்க, ராணியம்மா."

"அதனாலதான் அவன் உசுரோட இருக்கான். அதுக்கு நான் கோவப்படுவேனா?" ராணி கடலைப் பார்த்தாள். "அவன் என்னப் பாத்தான். பாத்துட்டுத்தான் உன்கிட்ட ஓடினான். நீ கூட இருந்தா அவன் என்கிட்ட வரவே மாட்டான்."

தூங்கிப்போயிருந்த பிள்ளையை ஹவிஸ் ராணியின் மடியில் கிடத்தினாள். "முழிச்சா அழுவான். முதுகத் தட்டிக் குடுங்க. பேசவெல்லாம் வேண்டாம்."

நடந்தே ஊர் வந்தாள். எம்மோட் அவளைப் பார்த்ததும் சிசிலியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஹவிஸ் அவளை இழுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மாதிரி தினமும் ரொட்டியோடு போய் வாசலில் உட்கார்ந்தாள். எம்மோட் தானாக மடிக்கு வர அடுத்த கோடை ஆயிற்று.

சண்டை ஓய்ந்தது, தம்பிக்காரன் தோற்றான். குருவி வளர்ந்து ராஜாவானான். கிறிஸ்துமஸ் தோறும் ஒரு பீப்பாய் மதுவும் ஒரு கம்பளி அங்கியும் ஹவிஸ் பெயருக்கு வரும். ஒருமுறை அவன் எங்கள் பாலத்தின் வழியாகவே போனான். ஊரே திரண்டது. ஹவிஸ் தொட்டியில் துணி மிதித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, நீ வரலையா?" என்றாள் சிசிலி.

"வந்தா வாய் சும்மா இருக்காது. அத்தனை பேர் முன்னால குருவின்னு கூப்பிட்டுருவேன்" என்றாள்.