ஆணியால் சுரண்டிப் பார்த்த சைக்கிள்

பழைய சைக்கிள் சேர்க்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. கொஞ்ச காலமாக என் கைச்செலவு அவர்களால்தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம். திருவொற்றியூர் லேத் பட்டறையில் முப்பது வருஷம் இரும்போடு மாரடித்தவன் நான். எது உலகப்போர்க் காலத்து சைக்கிள், எது வேஷம் போட்டது என்று பார்த்து விலை மதிக்கக் காரில் வந்து கூட்டிப்போவார்கள். வருகிறவர்களில் ஒருவன்கூட சைக்கிள் மிதிப்பவன் இல்லை. வாங்கிக்கொண்டுபோய் ஹாலில் ஏசிக்குக் கீழே நிறுத்திவைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வான். அதுவும் பர்மா வரை போன பட்டாளத்தான் வண்டியாகவே இருக்க வேண்டும். ஏதோ ஆபீஸ் பியூன் ஓட்டியது என்று சொன்னால் முகம் தொங்கிவிடும்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சண்டை நடந்த வருஷங்களில் நிக்கல், குரோமியம் எல்லாம் ஆயுதத்துக்குப் போய்விட்டதால் ஹேண்டில்பார், ரிம், மணி வரைக்கும் வெறும் கறுப்புப் பெயிண்ட்தான். இப்போது பளபளக்கும் ஹேண்டில்பார் மேலேயே கறுப்பை அடித்து ஏமாற்றுகிறார்கள். கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஆணியால் லேசாகச் சுரண்டுவேன். உள்ளே பளிச்சென்றால் போலி. வெறும் இரும்பு தெரிந்தால், சீட்டுக்கடியில் குத்தியிருக்கும் நம்பரையும் பார்த்துவிட்டு அசல் என்பேன். நான் சொன்னால் சொன்னதுதான், மேல்பேச்சு கிடையாது. அதில் எனக்குத் திமிரும் உண்டு.

போன வருஷம் கட்டடம் கட்டி விற்கிற ஒருவர் என்னை ராயபுரத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். செத்துப்போன புருஷனின் சைக்கிள். அவள் ஏறி மிதிப்பதில்லை. கேரியரில் மீன் பெட்டியைக் கட்டித் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போவாள். அசல் என்று நான் சொன்னால் வந்தவர் நல்ல விலை தருவதாகப் பேச்சு.

"நீதான் அண்ணாத்த பாத்து சொல்லணும்" என்றாள். "முட்டி ரெண்டும் பேஜாரா கீது. இத குட்த்துட்டு மார்க்கெட்ல குந்திகினு விக்க ஒரு எடம் பாத்து வச்சுக்கீறேன்."

பிரேக் பிடிக்குக் கீழே சுரண்டினேன். வெறும் இரும்பு. நம்பரும் சரி. அதுவரை என் கைக்கு வந்ததிலேயே சுத்தமான அசல் அதுதான்.

வந்தவரோ மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றார். பெட்டி தாங்குவதற்காக அவள் புருஷன் வெல்டிங் வைத்திருந்த கேரியரைச் செருப்பு நுனியால் தட்டி, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இந்த ஆள் வீட்டு ஹாலில் இந்த வண்டி நிற்கக்கூடாது, வேறு நல்ல ஆளாக நானே கூட்டிவருவேன் என்று நினைத்துக்கொண்டு, "டூப்ளிகேட்டு சார்" என்றேன். அவர் அப்படியே காரில் ஏறிப் போய்விட்டார். அவள் "அப்டியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

நான் வீடு திரும்புவதற்குள் அந்த மனுஷன் சைக்கிள் படத்தைத் தங்கள் வாட்ஸப் குழுவில் போட்டு, போலி என்று நானே சொன்னதாக எழுதியிருந்தார். அப்புறம் நான் போன் செய்தவர்கள் எல்லோரும், "நீங்கதானே போலின்னு சொன்னீங்க?" என்றார்கள். அசல்தான், கோபத்தில் உளறிவிட்டேன் என்று சத்தியம் செய்தேன். "அந்தம்மா உங்களுக்கு என்ன தர்றாங்க?" என்று ஒருவர் சிரித்தார். ஆணி பிடிக்கக்கூடத் தெரியாத கூட்டம். அவர்கள் முன்னால் என் வார்த்தைக்கு எதிராக என் வார்த்தையே நின்றது. வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் புருஷனை அவர் கேவலமாகப் பேசியதால்தான் பொய் சொன்னேன் என்றால் கொஞ்சம் குளிர்ந்துபோவாள் என்று ஒரு நினைப்பு. மார்க்கெட் இடம் வேறு ஒருத்திக்குப் போய்விட்டிருந்தது. பெட்டியில் ஐஸ் கொட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"அவரு பேசுனது எனுக்கும் கேட்டுச்சு அண்ணாத்த. மூக்கப் பொத்திகினு பேரம் பேசுறவங்களுக்கெல்லாம் நான் டெய்லி மீன் வெட்டிக் குடுக்கல? உனுக்கு கோவம்னா அவர ரெண்டு வார்த்த கேட்டிருக்கலாம்ல. என் முட்டி மேல ஏன் காட்டின?"