பட்டு மாடிக்கு வரவேண்டாம்

மலையாள ஊர்ல, சாலைங்கிற கடைத்தெருவுல ஒரு ஜவுளி ஷோரூம். அங்க ஒன்பது வருஷம் மேல் மாடியில கல்யாணப் பட்டு வித்தேன். சேர்ந்த புதுசுல எனக்குப் பட்டும் தெரியாது, பாலியெஸ்டரும் தெரியாது. ரெண்டும் மினுங்கும், அவ்வளவுதான். கை பழகப் பழகத்தான் தெரிஞ்சது. அசல் பட்டை உள்ளங்கையில இறுக்கிப் பிடிச்சா கொஞ்ச நேரத்துல இளஞ்சூடு ஏறும். ஓரத்துல ஒரு இழை உருவிக் கொளுத்தினா முடி பொசுங்கின நாத்தம் வரணும். பிளாஸ்டிக் நாத்தம் வந்தா கதை முடிஞ்சது. சரிகையை நகத்தால சுரண்டினா உள்ள செகப்பு நூல் தெரியணும்.

அப்புறம் என் வீட்டுக்காரர் செத்துப்போனாரு. காலையில சாயா குடிச்சவரு மத்தியானம் இல்ல. பதினாறு முடிஞ்ச மறுநாள் வேலைக்குப் போனேன். வீட்ல இருந்து என்ன செய்ய? பஸ்ல ஏறினேன், இறங்கினேன். ஏறினது இறங்கினது எதுவும் மனசுல நிக்கல.

மேனேஜர் படிக்கட்டு அடியிலேயே நின்னாரு. மலையாளி, என்னைவிட வயசுல சின்னவரு, நல்ல மனுஷன்தான். "சேச்சி, இனி தாழே நின்னா மதி, கேட்டோ. கல்யாணப் பார்ட்டிகள் வல்லதும் பறயும்"னாரு. இனி கீழே நின்னா போதுமாம், கல்யாணக்காரங்க ஏதாவது சொல்லுவாங்களாம். பொட்டு அழிஞ்சவ கை முகூர்த்தப் புடவையில படக் கூடாது, அதுதான் விஷயம். அதை அவர் வாயால சொல்லல. எனக்கென்ன, பச்சைப்பிள்ளையா புரியாம இருக்க? சரின்னேன்.

கீழே எல்லாம் வெள்ளைத் துணி. வேட்டி, தோர்த்துத் துண்டு, பொம்பளைங்க உடுத்துற செட்டு முண்டு. அதையும் படிச்சேன். புது வேட்டியை ரெண்டு கைக்கு நடுவுல தேய்ச்சா கஞ்சி மாவு மாதிரி உதிரும். ரொம்ப உதிர்ந்தா உள்ள நூல் கம்மின்னு அர்த்தம். சாவு வீட்டுக்குக் கோடி எடுக்க வர்றவங்களையும் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அவங்க மட்டும்தான் சுருங்குமான்னு கேக்க மாட்டாங்க. எடுத்துக் கொடுத்தேன், மிச்சத்தை மடிச்சு வச்சேன்.

ஒரு மாசம்கூட ஆகல, மேலேருந்து புடவை இறங்கி வர ஆரம்பிச்சது. என் இடத்துல நின்ன பொண்ணுக்குப் பட்டு பிடிபடல. யாராவது "இது அசல்தானா?"ன்னு கேட்டுட்டா, புடவையைச் சுருட்டிக்கிட்டு பின்படி வழியா என்கிட்ட ஓடி வருவா. நான் தூண் மறைவுல நின்னு தொட்டுப் பாத்துச் சொல்லணும். அவ மேல போய், தானே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லுவா. அவளைக் குத்தம் சொல்லி என்ன? நான் தொட்ட புடவையைத்தான் அத்தனை பொண்ணுங்களும் கட்டிக்கிட்டுப் போனாங்க. ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல.

ஒருநாள் அரக்குக் கலர்ல ஒண்ணு கொண்டு வந்தா. தொட்டேன், தெரிஞ்சது. "தெரியல"ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கும் விளங்கல.

மேனேஜரே இறங்கி வந்தாரு. "எந்தா சேச்சி?"

"மேல வந்து சொல்றேன் சார்."

அவர் படிக்கட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. பார்ட்டி காத்துக்கிட்டிருந்தது. "வரூ"ன்னாரு.

மேல ஆரியசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒண்ணு. கல்யாணப் பொண்ணும் அத்தையும் சித்தியும் புடவைக் குவியலைச் சுத்தி உக்காந்திருந்தாங்க. பட்டு அசல், சரிகை மட்டும் அசல் இல்லன்னு அவங்க முன்னாடியே சொன்னேன். மேனேஜர் முகம் சுண்டிப்போச்சு. அலமாரியிலேருந்து வேற ஒண்ணு எடுத்து விரிச்சேன். அத்தைக்காரி என் வெறும் நெத்தியைப் பாத்து முகத்தைச் சுளிச்சா. பொண்ணுக்குப் புடவை பிடிச்சிருந்தது. "அம்மா, நீயும் பாரேன்"னு திரும்பிச்சு.

அம்மா கூட்டத்துல இல்ல. தூரமா சுவரை ஒட்டி நின்னாங்க. அவங்க நெத்தியும் வெறுமை, கழுத்தும் வெறுமை. "அத்தை பாத்து எடுக்கட்டும்மா. நான் இங்கேருந்தே பாக்கேன்"னாங்க.

புடவையைத் தூக்கிட்டுப் போய் அவங்க கையில வச்சேன். "பெத்தவ நீங்க. பிடிச்சுப் பாருங்கக்கா."

அவங்க முந்தானையில கையைத் துடைச்சாங்க, அப்புறம்தான் பிடிச்சாங்க. பில் போடணும்னு மேனேஜர் ரெண்டு தடவை புடவையைக் கேட்டாரு. அவங்க கொடுக்கல.