பாறையில் படாத குங்குமம்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் இலக்கியம் படிக்கும் நான், சென்ற கோடையில் அம்மாவுடன் பின்லாந்தின் ஏரிகள் சூழ்ந்த தேசியப் பூங்கா ஒன்றுக்குச் சென்றேன். ஏரியில் துடுப்புப் படகில் போனபோது, நீரோரப் பாறையொன்றில் ஆதிமனிதர் செங்காவியால் வரைந்த மான் உருவம் மங்கலாகத் தெரிந்தது.

"முந்தி இதைக் கும்பிட்டிருப்பினம் எண்டு சொல்லுகினம், அம்மா" என்றேன்.

படகு நெருங்கியதும் அம்மா கைப்பையிலிருந்த குங்குமத்தை ஏரி நீரில் குழைத்து, மானின் நெற்றியை நோக்கி விரலை நீட்டினார். ஓவியம் பாழாகிவிடுமே என்று பதறித் துடுப்பைப் பின்னோக்கி வலித்தேன். விரல் தொடுமுன் படகு விலகியது.

"கும்பிட்ட இடமெண்டு நீதானே பிள்ளை சொன்னனி?"

"ஓம் அம்மா. தொடக்கூடாது எண்டு சொல்ல மறந்திட்டன்."

"அப்ப உன்ரை நெத்தியைக் காட்டு. குழைச்சதை வீணாக்கேலாது."

இப்போதெல்லாம் பழைமையான இடங்களில் அம்மாவிடம் வரலாற்றுக்கு முன்பாக விதிகளைச் சொல்லிவிடுகிறேன். குங்குமம் என் நெற்றியோடு நின்றுவிடுகிறது.