மூடி போட்டு எடுத்த படம்

வேங்கிக்காலில் எங்கள் தெரு முனையில் அந்தப் பேனர் ஏறிய அன்று காற்று கொஞ்சம் ஜாஸ்தி. அது புடைத்துக்கொண்டு நின்ற வேகத்துக்கு, கட்டியிருந்த கம்பத்தோடு தெருவையும் இழுத்துக்கொண்டு போய் அவலூர்பேட்டையில் விட்டிருக்கும். முருகையன் குறுக்கே ரெண்டு கயிறு போட்டதால் தப்பித்தோம்.

பேனரில் அவருடைய மருமகள் கீர்த்தனா, ஆளுயரத்துக்குச் சிரித்தாள். தலைக்கு மேலே சிவப்பு எழுத்து: 'வானத்தில் பச்சையம்மாள் கோளைக் கண்டுபிடித்த எங்கள் வீட்டு மருமகளை வாழ்த்துகிறோம்.' பச்சையம்மாள் என்பது முருகையனின் அம்மா. செத்துப் பல வருஷமாகிறது. கோளுக்குப் பெயர் வைத்தது விஞ்ஞானிகள் இல்லை, முருகையன்தான்.

கீர்த்தனா செங்கம் ரோடு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண போட்டோ எடுக்கிறவள். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து ஆல்பம் போடுவதும் அவள்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து முருகையனோடு மகன் வீட்டுக்கு வந்து தங்கிய மாமியார் தனத்துக்கு அந்த வேலை பிடிபடவே இல்லை. "எவளோ கல்யாணம் கட்டிக்கறா, இவ ராவும் பகலும் உக்காந்து அவ மூஞ்சைத் தொடைக்கிறா" என்பாள்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கேமராவும் கீர்த்தனாவும் சும்மா இருந்தார்கள். வானம் பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து, வானத்தோடு கூடவே மெல்லத் திரும்பும் ஒரு சின்ன மோட்டார் ஸ்டாண்டை வாங்கி, மொட்டை மாடியில் வைத்து வரிசையாகப் படம் எடுத்தாள். அந்தப் படங்களை ஒரு மென்பொருளில் போட்டால் நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரமாகப் பொருத்திவிடும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சடசடவென்று புரட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். நடுவில் ஏதாவது ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தால், அது சிறுகோளாக இருக்கலாம்.

அவள் படத்தில் ஒன்று நகர்ந்தது. நேர்க்கோடாக, நிதானமாக, சொந்த வேலைக்குப் போகிற மாதிரி நகர்ந்தது. தெரிந்த சிறுகோள்களின் பட்டியலில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. குழுவுக்குப் படத்தை அனுப்பிவிட்டு வீட்டில் சொன்னாள்: "ஒருவேளை புதுசா இருக்கலாம் மாமா."

முருகையன் அந்த 'ஒருவேளை'யைக் கழற்றி வைத்துவிட்டு மீதியை பேனர் கடைக்கு எடுத்துப் போனார்.

பேனர் ஏறிய மறுநாள் குழுவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "நல்லா இருக்கு. மூடி போட்டு எடுத்த படங்களைக் கழிச்சீங்களா?"

கழிக்கவில்லை. லென்ஸை மூடியால் மூடி, கும்மிருட்டில் சில படங்கள் எடுக்க வேண்டும். அந்த இருட்டிலும் ஏதாவது மின்னினால் அது வானத்தினுடையது இல்லை, கேமராவின் கோளாறு. அதை எல்லாப் படங்களிலிருந்தும் கழித்துவிட வேண்டும். கீர்த்தனா இதைப் படித்துத்தான் இருந்தாள். ஆனால் கல்யாண போட்டோக்காரர்களுக்கு மூடியைக் கழற்றாமல் படம் எடுப்பதைவிடப் பெரிய மானக்கேடு உலகத்தில் கிடையாது. தாலி கட்டுகிற நொடியில் அப்படி எடுத்த ஒருவனை, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகி மண்டபத்தை விட்டு விரட்டியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வேண்டுமென்றே மூடி போட்டு எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அதைச் செய்யாமலே தாண்டிவிட்டாள்.

இப்போது கதவைச் சாத்திக்கொண்டு, மூடி போட்டு எடுத்தாள். கறுப்புப் படம். கம்ப்யூட்டரில் அதன் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். இடது பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியை அவளுக்கு நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக மணப்பெண்களின் கன்னத்திலும் கழுத்திலும் விழுந்த அதை யோசிக்காமலே துடைத்து வந்திருக்கிறாள். ஒருத்திக்கு அது மூக்கின் மேல் சரியாக விழ, மூக்குத்தி என்று விட்டும் வைத்திருக்கிறாள். ஸ்டாண்டு சரியாகத் திரும்பாததால் நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தன. அவற்றை ஒன்றின் மேல் ஒன்று பொருத்த மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் நகர்த்தியது. படம் நகர, பழுதும் கூடவே நகர்ந்தது. அவ்வளவுதான் பச்சையம்மாள் கோள்.

குழுவில் தப்பு என்று எழுதிவிட்டாள். அங்கே இது வழக்கம்தான் போல, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில்தான் வாய் திறக்க முடியவில்லை. வேலைக்குப் போகத் தெரு முனையில் தன் முகத்தையே தாண்ட வேண்டியிருந்ததால், பின்பக்கக் காலி மனை வழியாக முள்ளில் துப்பட்டா கிழியக் கிழியப் போனாள். திரும்பி வந்தால் தனம் முதல் டம்ளர் காபியை அவளுக்கு நீட்டினாள். அந்த வீட்டில் முதல் டம்ளர் அதுவரை ஆம்பளைங்களுக்குத்தான். அதைவிட, முருகையன் பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடிக்குப் போய், அவள் கை காட்டிய திக்கைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கீர்த்தனா காய்ந்த துணியை எடுக்கக்கூட மேலே போவதை நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் தெருச் சங்கத்துச் செயலாளர் பலராமன் வந்தார். "ஞாயித்துக்கிழமை பொன்னாடை போடறோம்மா. உங்க மாமா அவங்கம்மாவைப் பத்திப் பேசறேன்னிருக்காரு. நீயும் ரெண்டு வார்த்தை ரெடி பண்ணிக்கோ."

அவர் படியிறங்கியதும் கீர்த்தனா சொல்லிவிட்டாள்.

"மாமா, அது கோள் இல்ல."

"இன்னாம்மா? பேரை ஒத்துக்கலியா?"

"பேரு இல்ல மாமா. கேமரால ஒரு புள்ளி கெட்டுப்போயிருக்கு. அதைத்தான் நான் கோள்னு பாத்துட்டேன். அங்க எதுவுமே இல்ல."

முருகையன் மாடிப் படிப் பக்கம் பார்த்தார். பிறகு சின்னக் குரலில், "நான் தெனம் கும்பிட்டேனேம்மா" என்றார்.

கீர்த்தனாவுக்கு முகம் சுட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தனம்தான் வழி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை தாண்டட்டுமே. வானத்துல ஏறி யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?"

"மாமா அவங்கம்மாவைப் பத்திப் பேசுவாரு. நான் பக்கத்துல பொன்னாடையைப் போத்திக்கினு நிக்கணும். என்னால முடியாது அத்தை."

முருகையன் எழுந்தார். "எங்கம்மா பேரை ஏத்தினது நானு. நானே எறக்கறேன்."

விடிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். கீர்த்தனா அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். தெரு முழுக்கக் கோலம் போட்டுக்கொண்டிருந்த நேரம். அத்தனை பேர் கையிலும் மாவு அந்தரத்தில் நின்றது. பால் வாங்கப் போன பலராமன் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா முருகையா, அதுக்குள்ள எறக்கற?"

முருகையன் கம்பத்தின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழிருந்து கீர்த்தனா சொன்னாள்: "அது கோள் இல்லைங்க சார். என் கேமராவோட பழுது. சரியாப் பாக்காம சொல்லிட்டேன்."

"அப்ப அந்தக் கோளு எங்க போச்சு?"

"எங்கயும் போகலைங்க. அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல."

எதிர் வீட்டுக்காரி காது கேட்காத மாதிரி, "இன்னாடி சொல்ற?" என்றாள். கீர்த்தனா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா" என்றார் ஏணி மேலிருந்து முருகையன்.

"மெதுவாச் சொன்னா திரும்பத் திரும்பக் கேக்கறாங்க மாமா."

அவர் கடைசிக் கயிற்றை அறுத்தார். பேனர் சரிந்து, ஈரக் கோலத்தின் மேல் விழுந்தது. இறங்கி வந்து, அம்மாவின் பெயர் இருந்த பக்கத்தை முதலில் உள்ளே மடித்தார். அப்புறம் மருமகளின் முகத்தை.